பழுதைப் படித்தல்

நுழையும்முன்

கெட்டுப்போன பொருளைத் தூக்கி எறிவது எளிது. கைக்கு அகப்பட்ட உறுப்புகளையெல்லாம் மாற்றிப் பார்ப்பதும் ஓரளவு எளிதே. எது கெட்டது, அது கெட்டதை எவ்வாறு அறிந்தோம் என்று காரணத்தோடு சொல்வது அரிது. காசு போட்டு ஆடும் பழைய வீடியோ விளையாட்டுப் பொறிகளின் மின்சுற்றுப் பலகைகளைச் செப்பனிடுவோர் அவ்வரிய வேலையை எவ்வாறு செய்கின்றனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நிறைந்த பெட்டி

1972ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சன்னிவேல் என்னும் ஊரில், ஒரு விடுதியில், அட்டாரி நிறுவனம் ‘பாங்’ என்னும் விளையாட்டுப் பொறியைச் சோதனைக்காக வைத்திருந்தது. திரையில் ஒரு புள்ளி பந்தாக ஓடும். இரு பக்கமும் இரு கோடுகள் மட்டைகளாக நின்று அதைத் திருப்பி அடிக்கும். விளையாட்டு அவ்வளவுதான். சிறிது காலத்தில் பொறி இயங்கவில்லை என்று விடுதியிலிருந்து செய்தி வந்தது. அதை வடிவமைத்த பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் நேரில் சென்று திறந்து பார்த்தார். மின்சுற்றில் பழுது ஏதும் இல்லை. காசு விழும் பெட்டி நிரம்பி வழிந்து, அடுத்த காசு இறங்க இடமில்லாமல் பொறி நின்றிருந்தது.

முதலில் பலகையைக் கழற்றி ஒவ்வொரு சில்லாக ஆராய்ந்திருந்தால் அன்றைய பொழுது வீணாகியிருக்கும். பழுதுபார்க்கும் தொழிலில் இக்கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பர். சிரிப்பதற்கு மட்டுமன்று, முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று புதியவர்க்கு நினைவூட்டவும் இது பயன்படுகிறது.

வாஷியும் பழைய பலகைகளும்

மாணவர்களே, நம் வாஷிக்கு மின்தொடர்வண்டி வந்தது 1992ஆம் ஆண்டில். அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானின் கேப்காம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. உங்கள் பெற்றோர் பலர் சிறுவர்களாக இருந்த காலம் அது. மும்பையிலும் சென்னையிலும் இருந்த வீடியோ விளையாட்டுக் கூடங்களில் ஆளுயரப் பெட்டிகள் வரிசையாக நின்றன. வீட்டில் கேட்டுப் பாருங்கள். பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல் அங்கே சென்று திட்டு வாங்கிய கதை ஒன்றாவது கிடைக்கும்.

வீட்டுக் கணினியும் கைப்பேசியும் வந்தபின் அப்பெட்டிகள் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. அவற்றினுள் இருந்த பலகைகளின் விளிம்பில் தங்கமுலாம் பூசிய தொடுமுனைகள் உண்டு. அச்சிறுதுளித் தங்கத்துக்காகப் பழைய மின்னணுப் பலகைகளை உடைத்து அமிலத்தில் இடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால், அப்பலகையிலிருந்த சில்லுகளில்தான் விளையாட்டின் நிரல் முழுவதும் பொதிந்திருந்தது. வேறெங்கும் அதற்குப் படி இல்லையென்றால், கடைசிப் பலகை அழியும்போது அந்த விளையாட்டும் அழிகிறது. கடைசி ஏட்டைச் செல்லரித்தால் நூலே மறைவதைப் போன்றது இது. எஞ்சிய பலகைகளைச் சிலர் தேடித்தேடிச் செப்பனிடுவதற்கு இதுவே காரணம்.

இவ்வேலைக்கு வேண்டிய உதிரிச் சில்லுகள் மும்பையில் லாமிங்டன் சாலைக் கடைகளில் தேடப்படும். வாஷியிலிருந்து ஹார்பர் வழித்தடத்தில் குர்லா சென்று, தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் அச்சாலையை அடையலாம். பத்கம்கர் சாலை என்று பெயர் மாற்றப்பட்ட பின்னும் பேச்சில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. சென்னையில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘பேக்-மேன்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் நிற வட்டவாய் ஒன்று புதிர்வழியில் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் விளையாட்டு அது. வடிவமைத்தவர் தோரு இவாதானி. அதன் பலகையில் ‘இசட் 80’ என்னும் செயலி உண்டு. அதற்கு 40 கால்கள். நொடிக்கு 30,72,000 துடிப்புகள் என்னும் தாளத்தில் அது இயங்கும். அத்தாளத்தைத் தருவது ஒரு சிறு படிகம். நிரல் 16 கிலோபைட். உருவப்படங்கள் 8 கிலோபைட். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே நிழற்படத்துக்கு இதைப்போல் நூறு மடங்கு இடம் தேவைப்படும்.

நினைவகம் இருவகை. நிரலையும் படங்களையும் மாறாமல் வைத்திருப்பது நிலை நினைவகம். இந்நொடியில் திரையின் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து இருக்கவேண்டும் என்று குறித்துவைத்து, மின்சாரம் நின்றதும் மறந்துவிடுவது தற்காலிக நினைவகம். இவற்றுக்கும் செயலிக்கும் இடையே இரண்டு கம்பிக் கூட்டங்கள் ஓடுகின்றன. ‘எந்த இடம்’ என்று சொல்லும் முகவரிக் கம்பிகள் பதினாறு. ‘அங்கே என்ன’ என்று சொல்லும் தரவுக் கம்பிகள் எட்டு. இந்த இரண்டையும் மனத்தில் நன்றாக இருத்திக்கொள்ளுங்கள்; பின்னால் இவை தேவைப்படும்.

பழுதல்லாத பழுது

விந்தையாகத் தோன்றுவதெல்லாம் பழுது ஆகாது. 1978இல் தொமொஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் ஐந்து வரிசைகளில் 55 விண்ணுயிரிகள் இறங்கி வரும். அவற்றைச் சுட்டுக் குறைக்கக் குறைக்க, எஞ்சியவை விரைந்து ஓடும். பலகை சூடாகித் தாளம் தவறுகிறது என்று ஒருவர் எண்ணக்கூடும். உண்மை வேறு. திரை ஒருமுறை வரையப்படும்போது செயலி ஓர் உயிரியை மட்டுமே நகர்த்துகிறது. 55 இருந்தால் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். ஒன்றே எஞ்சினால் ஒவ்வொரு முறையும் அதன் முறைதான். வகுப்பில் ஆசிரியர் 55 பேரிடம் வரிசையாக வினாக் கேட்பதற்கும், ஒரே மாணவனிடம் ஓயாமல் கேட்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

பேக்-மேனில் 255 நிலைகளைக் கடந்து 256ஆம் நிலையை அடைந்தவருக்குத் திரையின் வலப்பாதி முழுவதும் பொருளற்ற எழுத்துகளால் நிரம்பித் தோன்றும். சில்லு கெட்டதுபோலவே இருக்கும். நிலையை எண்ணும் இடத்தில் 255க்கு மேல் எண்ண முடியாததால் வந்த குழப்பம் அது. நல்ல பலகையும் அங்கே அப்படித்தான் காட்டும். ஆகவே, செப்பனிடுபவர் அந்த விளையாட்டு நல்ல நிலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணும் மானியும்

பலகை மேசைக்கு வந்ததும் முதல் வேலை கண்ணுக்கு. வாஷி தானே கடற்கழியின் கரையில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். மூடிக் கிடந்த பெட்டியினுள் செம்புத்தடங்களில் பச்சைக் களிம்பு ஏறும். பித்தளைக் குத்துவிளக்கில் ஏறும் களிம்பை அம்மா புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. பலகையில் பழைய மின்கலம் கசிந்திருந்தால் அக்கசிவு பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அதனைச் சிறிது வினிகரால் முறித்து, தூய்மையாகக் கழுவி, நன்கு உலர்த்துவர். விளிம்புத் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே உயிர்பெற்ற பலகைகள் உண்டு. குழியில் செருகிய சில்லுகளை மெல்ல எடுத்து மீண்டும் அழுத்தினாலும் சில பழுதுகள் தீரும்.

அடுத்தது மின்னழுத்தம். இச்சில்லுகளுக்கு 5 வோல்ட் வேண்டும், 4.75க்குக் குறையவும் 5.25ஐ மிஞ்சவும் கூடாது. மின்வழங்கியில் அளந்தால் சரியாகவே இருக்கும். பலகையின் மீது, சில்லின் காலிலேயே அளந்தால் 4.5 என்று காட்டலாம். இடையிலுள்ள களிம்பேறிய இணைப்பு அரை வோல்ட்டை விழுங்கிவிட்டது என்பது பொருள். குழாயடியில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதற்கு மேல்தொட்டியைப் பார்த்துப் பயனில்லை அல்லவா?

எச்சரிக்கை: பலகையை ஆராய்வது வேறு, பெட்டியைத் திறப்பது வேறு. பழைய படக்குழாய்த் திரையில் ஏறத்தாழ 20,000 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது தங்கியிருக்கும். பயிற்சி பெற்ற பெரியவர் உடன் இல்லாமல் எந்தப் பெட்டியையும் திறக்கலாகாது.

பிழையின் மொழி

மின்னழுத்தம் சரி, படிகத்தின் தாளமும் சரி. ஆயினும் திரையில் எழுத்துகள் தாறுமாறாக இருக்கின்றன. இங்கேதான் உண்மையான படிப்புத் தொடங்குகிறது.

முகவரிக் கம்பி ஒன்று செயலிழந்ததாகக் கொள்வோம். வாஷியில் முகவரி என்றால் செக்டர் எண், மனை எண், வீட்டு எண். வீட்டு எண் ஒற்றையா இரட்டையா என்று காட்டும் குறியை அஞ்சல்காரரால் படிக்க முடியவில்லை என்றால், ஏழாம் வீட்டுக் கடிதமும் ஆறாம் வீட்டுக்கே போகும். ஏழாம் வீட்டுக்குக் கடிதமே வராது. திரையிலும் அவ்வாறே அடுத்தடுத்த கட்டங்களில் ஒரே உரு இரட்டிப்பாகத் தோன்றும். எழுத்துகள் உருக்குலையாமல் இடம் மட்டும் மாறியிருந்தால், ஐயம் முகவரிக் கம்பிகள்மீது செல்லும்.

தரவுக் கம்பி கெட்டால் நிகழ்வது வேறு. பலகைகள் எழுத்தை எண்ணாகவே அறியும். நம் மெய்யெழுத்து வரிசையைக்கொண்டே பார்க்கலாம். க் 1, ங் 2, ச் 3, ஞ் 4, ட் 5, ண் 6, த் 7, ந் 8, ப் 9, ம் 10, ய் 11, ர் 12, ல் 13, வ் 14, ழ் 15, ள் 16, ற் 17, ன் 18. புள்ளி உண்டா இல்லையா என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 16, 8, 4, 2, 1 என மதிப்புடைய ஐந்து கம்பிகளால் இவ்வெண்களை அனுப்பலாம். 12 என்றால் 8ஆம் 4ஆம் மதிப்புள்ள கம்பிகளில் மட்டும் மின்னழுத்தம் இருக்கும்.

இப்போது 1 மதிப்புள்ள கம்பி எந்நேரமும் மின்னழுத்தத்தோடே ஒட்டிக்கொண்டது என்க. இனி இரட்டை எண்ணே வர இயலாது. 8 அனுப்பினால் 9 போய்ச் சேரும். 12 அனுப்பினால் 13. ஒற்றை எண்கள் மாறா. செயலி ‘நகர்’ என்று அனுப்புகிறது: 8, 1, 12. திரைக்குச் சேர்வது 9, 1, 13. திரையில் ‘பகல்’ என்று தோன்றும்!

பாருங்கள், மூன்று எழுத்தில் இரண்டு மாறிவிட்டன. ஆனால் கிடைத்த சொல்லில் குறையேதும் இல்லை. பொருளுள்ள சொல்லைக் கண்டு, பழுதே இல்லை என்று ஒருவர் போய்விடலாம். ‘மரம்’ என்பது ‘யலய்’ ஆகும்போதுதான் ஐயம் எழும். ஒரே சொல்லைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் பல சொற்களைப் பார்த்து, ‘இரட்டை எண்கள் மட்டும் ஒன்று கூடுகின்றன’ என்னும் ஒழுங்கைக் கண்டுபிடிப்பவரே கெட்ட கம்பியை அறிவார். அந்த ஒழுங்கு தெரிந்த அளவிலேயே, நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் உள்ள பலகையில் தேடவேண்டிய இடம் இரண்டு மூன்று சில்லுகளாகச் சுருங்கிவிடும்.

பிழை திரை முழுவதும் பரவியிருக்கிறதா, ஒரு மூலையில் மட்டும் இருக்கிறதா என்பதும் ஒரு சான்று. ஒரு சில கட்டங்களில் மட்டுமே என்றால் தற்காலிக நினைவகத்தின் அறைகள் சில கெட்டிருக்கலாம். எழுத்துகள் சரியாக நின்று, உருவங்களின் வடிவம் மட்டும் கோடுகோடாகச் சிதைந்தால் படங்களை வைத்திருக்கும் நிலை நினைவகத்தைப் பார்க்க வேண்டும்.

ஐயத்தை உறுதிசெய்ய ஓர் எளிய கருவி உண்டு. பேனா போன்ற அதன் முனையைச் சில்லின் காலில் வைத்தால், அங்கே மின்னழுத்தம் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா, துடிக்கிறதா என்று விளக்கெரிந்து காட்டும். இயங்கும் பலகையில் தரவுக் கம்பிகள் ஓயாமல் துடிக்கும். துடிக்காத கம்பியைத் தொடர்ந்து சென்றால் குற்றவாளி அகப்படும். ஐயத்துக்குரிய சில்லின்மேல் அதே வகை நல்ல சில்லொன்றை, கால்மேல் கால் பொருந்த ஏற்றிவைத்துப் பார்ப்பதும் உண்டு. கீழ்ச்சில்லு பேசாமல் ஊமையாகியிருந்தால் மேற்சில்லு அதற்காகப் பேசும், படம் திருந்தும். கீழ்ச்சில்லு ஊமையாகாமல் ஒரே சொல்லில் அடம்பிடித்து நின்றால் இம்முறை பயன்படாது.

பற்றாசு

கெட்ட சில்லைக் கழற்றுவதில்தான் பலர் தோற்கின்றனர். சில்லையும் பலகையையும் இணைக்கும் ஈயக்கலவைக்குத் தமிழில் பற்றாசு என்று பெயர். இது பழஞ்சொல். நகைகளை இணைக்கப் பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவர். ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்னும் வழக்கு அத்தொழிலிலிருந்து பிறந்தது என்பர்.

கெட்ட சில்லின் கால்களை முதலில் வெட்டிவிட்டு, பின் ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி எடுப்பதே பாதுகாப்பு. மொத்தமாகப் பிடுங்க முயன்றால் பலகையின் செம்புத்தடம் உரிந்துவிடும். சில்லு போனால் வேறு சில்லு வாங்கலாம். பலகையை யார் தருவார்? வெறுமையான இடத்தில் புதுச்சில்லை நேரே பற்றவைக்காமல் ஒரு குழியைப் பற்றவைத்து, அதில் சில்லைச் செருகுவர். அடுத்த முறை பழுதுபார்ப்பவர் நம்மை வாழ்த்துவார்.

மறக்கும் சில்லுகள்

எழுதி அழித்து மீண்டும் எழுதக்கூடிய நிலை நினைவகச் சில்லை 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கினார். அதன் முதுகில் சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன்வழியே புற ஊதாக்கதிர் பட்டால் எழுதியது அழியும். நேரடி வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரமும், குழல்விளக்கின் ஒளியில் ஏறத்தாழ மூன்றாண்டும் போதும் என்று கணக்கிட்டுள்ளனர். சாளரத்தின்மேல் காகிதம் ஒட்டியிருப்பது இதனால்தான். அழகுக்கு என்று எண்ணி அதைக் கிழித்தால் விளையாட்டு மெல்ல மெல்லத் தன்னை மறக்கத் தொடங்கும்.

கேப்காம் நிறுவனம் 1993இல் கொண்டுவந்த பலகை வகையின் மறதி இன்னும் கடுமையானது. நிரல் மறைகுறியில் எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கும் சாவி, ஒரு மின்கலத்தின் துணையால் வாழும் நினைவகத்தில் இருந்தது. மின்கலம் தீர்ந்தால் சாவி மறையும். பலகை ஒரே நிறத்திரையைக் காட்டி நின்றுவிடும். கள்ளப்படிகள் பெருகியிருந்த காலத்தில் நிறுவனம் தன் உழைப்பைக் காக்க நினைத்தது நியாயமே. ஆனால் காசு கொடுத்து வாங்கியவரின் பலகையும் அந்தப் பூட்டுக்குள் சேர்ந்து இறந்ததை நியாயம் என்று சொல்வதற்கில்லை. இங்கே எந்தச் சில்லும் கெடவில்லை. ஆகவே கம்பிகளை எவ்வளவு ஆராய்ந்தாலும் பழுது கிடைக்காது.

பழைய விளையாட்டுகளின் நிரல்களைச் சில்லுகளிலிருந்து படித்துப் பாதுகாக்கும் ‘மேம்’ என்னும் பணியை இத்தாலியரான நிகோலா சால்மோரியா 1997இல் தொடங்கினார். அங்கே ஒவ்வொரு சில்லின் உள்ளடக்கத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் பதியப்பட்டுள்ளது. நம் கையிலுள்ள சில்லைப் படித்துக் கணக்கிட்ட எண் அதனோடு பொருந்தினால் சில்லு நலம். ஓரிடம் மாறினாலும் எண் வேறுபடும். கேப்காம் பலகையின் மறைகுறி முறையை 2007இல் சால்மோரியாவும் அவர் கூட்டாளியும் அவிழ்த்தனர். இறந்த பலகையில் எந்த உறுப்பையும் மாற்றாமலே சாவியை மீண்டும் எழுதும் வழியை 2016இல் ஆர்வலர்கள் வெளியிட்டனர். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த பலகைகள் அதன்பின் மீண்டும் ஆடத் தொடங்கின.

சொற்பொருள்

களிம்பு – செம்பு, பித்தளை மீது படியும் பச்சை நிறப் படிவு
சில்லு – மின்சுற்றுகள் பல அடங்கிய சிறு துண்டு
செயலி – நிரலின்படி கணக்கிட்டு ஏவும் சில்லு
செல்லரித்தல் – கறையான் தின்று அழித்தல்
நிரல் – பொறி செய்யவேண்டியவற்றை வரிசையாகக் கூறும் கட்டளைகள்
பற்றாசு – உலோகங்களை ஒட்டவைக்கும் கலவை
மறைகுறி – சாவி இல்லாதார் படிக்க இயலாதவாறு மாற்றி எழுதிய வடிவம்

பயிற்சிகள்

அ. விடையளிக்க.
1. பாங் பொறி நின்றதற்குக் காரணம் யாது?
2. மின்னழுத்தத்தை மின்வழங்கியில் அளப்பதோடு நில்லாமல் சில்லின் காலிலும் அளப்பது ஏன்?
3. விண்ணுயிரிகள் குறையக் குறைய விரைந்து ஓடுவதை உங்கள் சொற்களில் விளக்குக.
4. நிறுவனம் நிரலைப் பூட்டிவைத்தது சரியா? இரு தரப்பாரின் நியாயத்தையும் எழுதி, உங்கள் கருத்தைக் கூறுக.

ஆ. கண்டறிக. (1 மதிப்புள்ள கம்பி எப்போதும் மின்னழுத்தத்தோடு இருக்கிறது.)
1. ‘மணல்’, ‘வளர்’ என்னும் சொற்கள் திரையில் எவ்வாறு தோன்றும்?
2. சிறிதும் மாறாத சொற்கள் மூன்றினைக் கண்டுபிடித்து எழுதுக.
3. திரையில் ‘பல்’ என்று தோன்றுகிறது. செயலி அனுப்பியிருக்கக்கூடிய எழுத்துக் கோவைகள் நான்கு. அவை யாவை? அவற்றுள் எது அனுப்பப்பட்டது என்று அறிய இன்னும் என்ன சோதனை செய்வீர்கள்?

இ. பிரித்து எழுதுக.
ஆளுயரம், செல்லரித்தால், அவ்வரிய, பொருளற்ற

ஈ. சொற்றொடரில் அமைக்க.
பொடி வைத்துப் பேசு, அடம்பிடி, ஐயம்

உ. எழுதுக.
வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பழுதுபார்க்கும் தொழில் செய்பவர் ஒருவரிடம், அண்மையில் அவரைத் திகைக்கவைத்த பழுது எது, அதன் காரணத்தை எவ்வாறு கண்டுபிடித்தார் என்று கேட்டு, பதினைந்து வரிகளில் எழுதுக. அவர் வழங்கும் தொழிற்சொற்கள் மராத்தியாகவோ இந்தியாகவோ இருந்தால் அவற்றை அப்படியே குறித்து, அருகில் தமிழ்ச்சொல்லை எழுதுக.